எலிக்கூண்டுக்குப் பெட்டிங்: கோவையில் கிடைப்பதில் எது தேறும்?

பெட் ஷாப்பில் பெட்டிங் பையை, அதாவது கூண்டுத் தரையில் விரிக்கிற சீவல், தூள் வகையறா உள்ள பையைப் பிரித்து முகர்ந்ததும் "அடடா, என்ன வாசம்!" என்று தோன்றினால், அந்தப் பையை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள். எலி வளர்க்கப் போகிறேன் என்று யார் வந்து கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். கூண்டு, தீனி, விளையாட்டுச் சாமான் எல்லாம் அப்புறம். வளர்ப்பு எலிக்கு ஆயுசே இரண்டு, மூன்று வருஷம். அதில் பெரும்பங்கை அது பெட்டிங்கில் மூக்கைப் புதைத்துக்கொண்டுதான் கழிக்கிறது.

இதைச் சொல்ல நான் யார் என்றால், ஒரு பார்மசி கல்லூரியின் விலங்குக் கூடத்தில் டெக்னீசியனாக இருந்து ஓய்வு பெற்றவள். எலிக்குத் தண்ணீர் வைப்பது, எடை போடுவது, பெட்டிங் மாற்றுவது இவைதான் என் வேலை. ஓய்வுக்குப் பிறகு எலி முகத்தில் முழிக்க வேண்டியிருக்காது என்று நினைத்திருந்தேன். மகள் பெங்களூரிலிருந்து வேலை மாற்றிக்கொண்டு சிங்காநல்லூர் வீட்டுக்கே வந்துவிட்டாள், கூடவே மூன்று எலிகள். கம்பு, தினை, சாமை. மூன்றும் பெண். கம்புக்குத் தலையும் முதுகுக் கோடும் கறுப்பு. தினை பழுப்பு. சாமை சுத்த வெள்ளை, கண் சிவப்பு. 1906இல் பிலடெல்பியாவின் விஸ்டார் ஆய்வு நிறுவனத்தில் உருவாக்கத் தொடங்கிய வெள்ளை எலி இனத்தைத்தான் நான் வேலைக் காலம் முழுக்கப் பார்த்திருக்கிறேன். சாமையும் அதே ஜாடை.

அவள் பெங்களூரிலிருந்து கொண்டு வந்த பெட்டிங் தீர்ந்ததும் இங்கே என்ன கிடைக்கும் என்று தேட ஆரம்பித்தோம். பெட் ஷாப், ஆன்லைன், மரப்பட்டறை, திருப்பூர் பனியன் துணி, பொள்ளாச்சித் தேங்காய் நார், அச்சகக் கழிவு என்று ஒவ்வொன்றாக வாங்கி வந்து கூண்டில் போட்டுப் பார்த்ததன் கணக்குதான் இது.

முதலில் எலியின் நுரையீரலைப் பற்றிக் கொஞ்சம். மனிதரைப் போல வாயால் மூச்சு விட்டுச் சமாளிக்க எலிக்குத் தெரியாது. எல்லாம் மூக்கு வழியேதான். இடது நுரையீரல் ஒரே மடல், வலதில் நான்கு. வளர்ப்பு எலிகளில் கிட்டத்தட்ட எல்லாவற்றின் உடம்பிலும் மைக்கோபிளாஸ்மா பல்மோனிஸ் என்ற கிருமி சத்தமில்லாமல் குடியிருக்கும். அதை எழுப்பி விடுவது பெரும்பாலும் அம்மோனியா. எலியின் சிறுநீரில் உள்ள யூரியாவைப் பெட்டிங்கில் இருக்கும் பாக்டீரியாக்கள் சிதைக்கச் சிதைக்க அம்மோனியா கிளம்புகிறது. 1976லேயே இதை ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். காற்றில் பத்து லட்சத்தில் 25 பங்கு அம்மோனியா இருந்தாலே இந்தக் கிருமி பிடித்த எலிகளுக்கு மூச்சு நோய் முற்றியது. தொழிற்சாலையில் வேலை செய்யும் மனிதர்களுக்கு அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பும் அதே 25தான். ஆனால் மனிதன் ஷிஃப்ட் முடிந்தால் வீட்டுக்குப் போய்விடுவான். எலிக்கு அதுதான் வீடு.

அதனால் என் சோதனை எளிமையானது. சிவப்பு லிட்மஸ் தாளை நனைத்துக் கூண்டின் மூலையில், எலி கடிக்க முடியாத உயரத்தில், தரைக்குப் பக்கத்தில் கிளிப் போட்டுத் தொங்க விடுவேன். அம்மோனியா பட்டால் நீலமாகும். எத்தனை பங்கு என்று அது சொல்லாது. ஒரு பெட்டிங்கைவிட இன்னொன்று சீக்கிரம் நாறுகிறதா என்பதைச் சொல்லிவிடும். கூடவே தூசிக்கு ஒரு சோதனை: ஒரு கைப்பிடி பெட்டிங்கைக் கறுப்புத் துணி மேல் உதறிப் பார்ப்பது. மூன்றாவது சோதனையை எலியே செய்யும். மூக்கைச் சுற்றியும் கண்ணோரத்திலும் சிவப்பாக ஏதாவது கசிந்தால் ரத்தம் என்று அலற வேண்டாம், அது போர்ஃபைரின் என்ற சுரப்பு. எலிக்கு ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

இனி ஒவ்வொன்றாக வருகிறேன். மரச்சீவல்தான் எல்லாக் கடையிலும் முதலில் கையில் கொடுப்பது. கண்ணாடிப் பையில் பொன் நிறமாகச் சுருள் சுருளாக, பார்க்க லட்சணமாக இருக்கும். என்ன மரம் என்று பையில் போட்டிருக்காது. கேட்டேன்.

"மரம்னா மரந்தானுங்க்கா. எலி மரத்துல இருக்கறதுதானுங்களே?"

"அது அணிலுங்க தம்பி."

என்ன மரம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. 1967இல் எலியட் வெசல் என்ற மருந்தியல் ஆய்வாளர் 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். செம்தேவதாரு, பைன் போன்ற மென்மரச் சீவலில் வளர்த்த எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் கல்லீரலில் மருந்தைச் சிதைக்கும் நொதிகள் தாறுமாறாக ஏறியிருந்தன. பீச், பிர்ச், மேப்பிள் கலந்த வன்மரச் சீவலுக்கு மாற்றியதும் பழைய நிலைக்குத் திரும்பின. எந்த ஊசியும் போடாமல், தரையில் விரித்த மரத்தூள் கல்லீரலை வேலை வாங்கியிருக்கிறது. அந்த மரங்களின் வாசனைதான் காரணம். எண்ணெயும் பிசினும் காற்றில் கலந்து உள்ளே போகின்றன. நமக்குக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்த பூப்போல மணக்கிற அதே பொருள் எலிக்குக் கல்லீரல் வேலை. எங்கள் கூடத்தில் மென்மரச் சீவல் வாசலைத் தாண்டி வந்ததில்லை.

பைன் மரத்தைச் சூளையில் வைத்து நன்றாக உலர்த்தினால் வாசனை எண்ணெய் பெருமளவு போய்விடும். அப்படி உலர்த்தி, தூசி நீக்கி விற்பதை வெளிநாடுகளில் பயன்படுத்துகிறார்கள், அதில் தப்பில்லை. இங்கே கிடைப்பது அதுவா என்பதுதான் கேள்வி. கோவையில் பம்பு, மோட்டார் கம்பெனிகளுக்கு மரப்பெட்டி அடிக்கும் பட்டறைகள் ஏராளம். பைன் சீவல் சாக்குச் சாக்காகக் கிடக்கும். ஒரு பட்டறைக்காரர் பெட்டியில் அடித்திருந்த 'எச்.டி.' முத்திரையைக் காட்டி, "இது சூடு பண்ணின மரமுங்க, ஒண்ணும் பண்ணாது" என்றார். ஏற்றுமதிப் பெட்டிக்கு வைக்கும் முத்திரை அது. மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரியில் 30 நிமிஷம் இருந்தால் போதும், பூச்சி செத்துவிடும். பிசின் அதற்கெல்லாம் அசையாது. 'எம்.பி.' என்று முத்திரை இருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ஆசாரிக் கடைச் சீவல் இதைவிட மோசம். எந்தப் பட்டறையிலும் ஒரே மரத்தை மட்டும் இழைப்பதில்லை. காலையில் தேக்கு, மத்தியானம் பிளைவுட், சாயங்காலம் எம்.டி.எஃப். என்ற மரநார்ப் பலகை. எல்லாத் தூளும் ஒரே மூலையில். பிளைவுட்டும் எம்.டி.எஃப்.பும் ஃபார்மால்டிஹைடு கலந்த பசையில் ஒட்டியவை. தேக்கில் உள்ள சில பொருள்கள் மனிதத் தோலையே அரிக்க வைக்கும், அதனால் தேக்கு இழைத்தால் கையில் தடிப்பு வருகிற ஆசாரிகள் உண்டு. சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

மரத்தில் ஆஸ்பென் மட்டும்தான் நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். வாசமில்லை, பிசினில்லை. இறக்குமதிப் பை ஒன்று வாங்கினோம். கறுப்புத் துணியில் உதறியபோது துணி கறுப்பாகவே இருந்தது. விலையைக் கேட்டால் நாம்தான் கறுத்துப் போவோம். அதன் சொந்தக்கார மரமான பாப்லரை ஹரியானாவின் யமுனாநகர் பக்கம் பிளைவுட்டுக்காக ஏக்கர் கணக்கில் வளர்க்கிறார்கள். அதைச் சீவிப் பையில் போட்டு யாராவது விற்றால் முதல் ஆளாக வாங்குவேன்.

மக்காச்சோளச் சக்கை, அதாவது கதிரின் மணியை எடுத்தபின் மிஞ்சும் தண்டை அரைத்த குருணை, ஆன்லைனில் எளிதாகக் கிடைக்கிறது. ஆய்வுக்கூடங்களிலும் பழக்கமான பொருள். இதன் ஒரு நல்ல குணத்தை மறைக்கக் கூடாது: லிட்மஸ் தாள் வெகுநேரம் சிவப்பாகவே இருந்தது. அம்மோனியாவை அடக்குவதில் கெட்டிக்காரப் பொருள். ஆனால் ஈரம் பட்ட இடத்தை அள்ளாமல் விட்டால் ஐப்பசி மழையில் பூஞ்சை பிடிக்கிறது. குருணை கடினம், கம்பு கொஞ்சம் கனமான உடம்புக்காரி, கடினத் தரையில் பாதம் புண்ணாகும் நோய் அவளுக்குச் சீக்கிரம் வரும். எலிகள் அதைத் தின்னவும் செய்கின்றன. 2002இல் ஹூஸ்டனின் பேய்லர் மருத்துவக் கல்லூரியினர் இந்தச் சோளச் சக்கையில் பெண் ஹார்மோன் வேலையைக் குழப்பும் பொருள் இருப்பதைக் கண்டு எழுதினார்கள். மூன்று பெண் எலி உள்ள வீட்டில் தரை முழுக்க இதை விரிக்க எனக்கு மனசு வரவில்லை. மீதிப் பையை எதிர்வீட்டுப் புறாக்காரருக்குக் கொடுத்துவிட்டோம்.

உமி. என் வேலைக் காலத்துப் பெட்டிங் இதுதான். இந்தியாவில் எலி வைத்துச் செய்த ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் புரட்டினால் உமியில் வளர்த்தோம் என்றுதான் பாதிப் பேர் எழுதியிருப்பார்கள். அரிசி மில்லிலிருந்து மூட்டை வரும், ஆட்டோகிளேவ் என்ற அழுத்த நீராவிக் கலத்தில் 121 டிகிரியில் அவிப்போம், கூடம் முழுக்க நெல் அவிக்கிற வாசம். மலிவு என்பதைத் தவிர உமிக்குப் பெரிய பெருமை கிடையாது. ஈரத்தை அதிகம் உறிஞ்சாது. சிலிக்கா நிறைந்ததால் சொரசொரப்பு, தூசியும் ஜாஸ்தி. வீட்டில் இதைவிடப் பெரிய சிக்கல், மில்லில் திறந்து கிடக்கும் உமியில் காட்டெலியும் வீட்டெலியும் படுத்து எழுந்திருக்கும் என்பது. அதன் சிறுநீரில் எலிக்காய்ச்சல் கிருமி வரலாம், உண்ணியும் வரலாம். ஆட்டோகிளேவ் இல்லாத வீட்டுக்கு உமி வேண்டாம். வைக்கோலுக்கும் இதே தீர்ப்புதான்.

தேங்காய் நார்த்தூளைப் பற்றி நான் நல்லதாகத்தான் சொல்வேன், ஆனால் ஒரு நிபந்தனையோடு. பொள்ளாச்சியிலிருந்து ஒரு மணி நேரத்தில் இது வந்து சேர்கிற ஊரில் இருந்துகொண்டு வெளிநாட்டுப் பை வாங்குவானேன் என்று இதை ஆசையோடுதான் எடுத்தேன். பல்லடம் பக்கம் கறிக்கோழிப் பண்ணைகளில் தரையில் பரப்புவதும் இதைத்தான். ஐந்து கிலோ கட்டியைத் தண்ணீரில் போட்டால் ஒரு பெரிய டிரம் நிறையும். உப்பு நீக்கிக் கழுவியதா என்று கேட்டு வாங்க வேண்டும், மாடித் தோட்டக் கடைக்காரர்களுக்கு இது தெரியும். எலி இதில் தோண்டுவதைப் பார்க்க வேண்டும்! தினை தலைகீழாக உள்ளே போய் வாலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தாள். அம்மோனியாவையும் நன்றாகவே பிடித்து வைத்தது. சிக்கல் என்னவென்றால், காய்ந்தால் கறுப்புத் துணி காப்பித்தூள் கொட்டியதுபோல் ஆகிறது. ஈரமாக வைத்தால் கூண்டே ஈரமாகிறது. இரண்டுக்கும் நடுவில், கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும், தட்டினால் உதிரும் என்ற பக்குவத்தில் வைத்திருப்பது ஒரு வேலை. அதனால் கூண்டின் தரைக்கு இது ஆகாது. தனியாக ஒரு பிளாஸ்டிக் டப்பில் போட்டு, சாயங்காலம் விளையாட விடும்போது தோண்ட வைக்கலாம். அந்த வேலைக்கு இதை அடிக்க ஆளில்லை. சாமையின் வெள்ளை உடம்பு கழுவினாலும் ரெண்டு நாளைக்குச் செம்மண் நிறம், அது ஒன்றுதான் குறை.

துணிக்கு வருகிறேன். எலி வளர்ப்பவர்களிடையே ஃப்ளீஸ் என்ற மெத்தென்ற பாலியஸ்டர் துணிக்கு ஒரு பெரிய ரசிகர் கூட்டமே உண்டு. படமெடுத்தால் அழகாக இருக்கும், மறுபடி மறுபடி துவைக்கலாம். திருப்பூர் பக்கத்தில் இருப்பதால் எங்களுக்கு இது கிலோ கணக்கில் கிடைத்தது. குளிர் நாட்டு ஆர்டருக்குத் தைத்த ஸ்வெட்டரின் வெட்டுத் துண்டுகள், பழைய புடவை விலைகூட இல்லை. வாங்கும்போது மூன்று துணியும் கலந்துதான் வரும், பிரித்தெடுக்க வேண்டும். பனியன் துணியைக் கடித்தால் நூல் நூலாகக் கழன்று வரும், அந்த நூல் காலில் சுற்றினால் விரல் போய்விடும். துவாலைக்குப் போடும் டெர்ரித் துணியின் வளையத்தில் நகம் மாட்டும். ஃப்ளீஸ் மட்டும்தான் பிரியாது.

ஆனால் ஃப்ளீஸ் சிறுநீரை உறிஞ்சாது. கீழே இறக்கிவிடும், அவ்வளவுதான். அடியில் உறிஞ்சும் பொருள் இல்லாமல் தரை முழுக்க ஃப்ளீஸ் போட்ட கூண்டில் லிட்மஸ் தாள் மறுநாள் காலைக்குள் நீலம். மேலே தொட்டால் காய்ந்திருக்கும், பார்க்கப் பளிச்சென்று இருக்கும். அதுதான் ஆபத்து. மேல் தட்டுகளிலும் ஊஞ்சலிலும் ஃப்ளீஸ் போடுகிறோம், ரெண்டு நாளைக்கு ஒருமுறை வாசனையில்லாத சோப்பில் துவைத்து வெயிலில் காய வைக்கிறோம். கம்ஃபர்ட் மாதிரி வாசனைத் திரவமெல்லாம் கிடையாது. தரைக்கு ஃப்ளீஸை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

துணி என்றதும் பஞ்சு ஞாபகம் வருகிறது. கூடு கட்டட்டும் என்று தலையணையைப் பிரித்து இலவம் பஞ்சைப் போடுகிறவர்கள் உண்டு. போடிப் பக்கத்துப் பஞ்சு எவ்வளவு உசத்தியானாலும் எலிக்கு வேண்டாம். மெல்லிய இழை காலில் சுற்றும், மூக்கில் ஏறும், வயிற்றுக்குள் போனால் அடைக்கும்.

கடைசியாகக் காகிதம். இதில் நான்கு வகை பார்த்தோம்.

செய்தித்தாள்தான் எல்லோருக்கும் தோன்றுவது. உறிஞ்சாது, மடிந்து ஈரமாகக் கிடக்கும், லிட்மஸ் சோதனையில் முதலில் தோற்றது இதுதான். சாமை மேல் மை ஏறி, தலைப்புச் செய்தி வயிற்றில் தெரிகிற அளவுக்கு ஆனது. வடை மடிக்கவே செய்தித்தாளைப் பயன்படுத்தாதீர்கள் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016லும் 2023லும் சொல்லியிருக்கிறது. எலி அதைக் கடித்துக் குதறி வாயில் சுமந்துகொண்டு போய்க் கூடு கட்டும். யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஆபீஸில் ஷ்ரெடரில் போட்ட ஏ4 தாள். மகள் ஆபீஸிலிருந்து பை பையாக வந்தது. பரவாயில்லை ரகம். ஆனால் ஷ்ரெடருக்குள் என்னென்ன போயிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? ஸ்டேப்ளர் பின் ஒன்று கிடைத்தது, அப்புறம் ஏ.டி.எம். ரசீது மாதிரியான வழவழப்புத் தாள். அந்தத் தாளில் பிஸ்பினால் ஏ என்ற, ஹார்மோன் வேலையைக் குழப்பும் ரசாயனம் பூசியிருப்பது உண்டு. ஒவ்வொரு பையையும் உட்கார்ந்து பொறுக்க நேரம் இருப்பவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, காகிதக் கூழ் நாரை உதிரியாக்கிப் பையில் அழுத்தி விற்கும் இறக்குமதிச் சரக்கு. பிரித்தால் மூன்று மடங்கு உப்பும், மேகம் மாதிரி மெத்தென்று இருக்கும். உறிஞ்சும் திறன், தூசி, வாசம் எல்லாவற்றிலும் முழு மதிப்பெண். பைக்குப் பை தரம் மாறியது மட்டும் உறுத்தல். ஒரு பையில் தூசியே இல்லை, அடுத்ததில் துணி வெளுத்துப் போனது. அந்தக் காசுக்கு இது கூடாது. வாரா வாரம் கூண்டு நிறைய இதைக் கொட்டினால் எலிகளின் தீனிச் செலவைவிடப் பெட்டிங் செலவு பெரிதாகிவிடும். ஆபரேஷன் ஆன எலிக்கும் மூச்சுத் தொல்லை உள்ள வயதான எலிக்கும் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

நான்காவதுதான் நாங்கள் இப்போது வைத்திருப்பது. அச்சகத்துக் கட்டிங் வேஸ்ட்.

நோட்டு, பில் புக் அடிக்கும் ஆஃப்செட் அச்சகங்களில் கட்டிங் மெஷின் இருக்கும். ஓரத்தை நறுக்கும்போது ரிப்பன் ரிப்பனாக வெள்ளைத் தாள் விழும். அதில் அச்சே இருக்காது. மூட்டை கட்டிப் பழைய பேப்பர்க் கடைக்கு எடைக்குப் போட்டுவிடுவார்கள். எங்கள் பகுதியில் ஓர் அச்சகக்காரரிடம் போய்க் கேட்டேன்.

"எத்தனை கிலோங்க வேணும்?"

"ஒரு மூட்டைங்கண்ணா. எலிக்கு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அச்சகக்காரர்களுக்கு எலி என்றால் என்னவென்று நான் சொல்லவேண்டியதில்லை. பேப்பர் ரீலைக் குதறிவிட்டுப் போகிற ஜென்மத்துக்கு விலை கொடுத்துப் பேப்பர் வாங்க ஒருத்தி வந்திருக்கிறாள். "பிள்ளையார் வாகனம்னு வளர்த்தறீங்களாட்டம்" என்று அவரே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு, பழைய பேப்பர் கடைக்குப் போடுகிற விலைக்கே கொடுத்தார். இப்போது நான் போனால் மூட்டை தனியாக எடுத்து வைத்திருக்கிறார்.

இதை வாங்குபவர்கள் சிலதைக் கவனிக்க வேண்டும். மேப்லித்தோ, அதாவது பூச்சில்லாத சாதா அச்சுத் தாளின் கழிவாகக் கேளுங்கள். ஆர்ட் பேப்பர் பளபளவென்று பூச்சுப் பூசியது, உறிஞ்சாது. கரூர் காகிதபுரம் ஆலையில் கரும்புச் சக்கையில் செய்கிற தாள் இங்குள்ள அச்சகங்களில் சாதாரணமாகப் புழங்குகிறது, அதன் ஓரம் மெத்தென்று நன்றாக இருக்கிறது. மல்டிகலர் வேலையின் ஓரத்தில் நான்கு வண்ணப் பட்டை ஓடும், அதைத் தவிர்த்துவிடுங்கள். புத்தக முதுகில் பசை ஒட்டிய துண்டு, பின் அடித்த துண்டு வேண்டாம். ரிப்பன் நீளமாக இருந்தால் ஒரு சாண் அளவுக்குக் கத்தரித்துவிட வேண்டும். வீட்டுக்கு வந்ததும் மூட்டையைக் கறுப்பு பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி மொட்டை மாடி வெயிலில் வைப்பேன். அச்சகத்துக் கோடவுனிலும் எலி இருக்கும் அல்லவா.

இந்த ரிப்பன் ஒன்றும் கூழ்நார் அளவுக்கு உறிஞ்சாது, அதை மறைக்கவில்லை. எனவே தரையில் முதலில் பார்சல் பெட்டியின் நெளி அட்டையைக் கையகலத் துண்டுகளாகக் கிழித்துப் போடுகிறேன். டேப்பும் வழவழப்பான அச்சும் இல்லாத பழுப்பு அட்டை. அதன்மேல் நாலு விரல் உயரத்துக்குத் தாள் ரிப்பன். எலிகள் சிறுநீர் கழிக்கும் மூலையில் ஒரு தட்டு வைத்து, அதில் மட்டும் அந்த விலை உயர்ந்த கூழ்நார். எலி பூனை மாதிரி முழுக்கப் பழகாது, ஆனால் பெரும்பாலும் ஒரே மூலைக்குத்தான் போகும். அந்தத் தட்டைத் தினமும் கொட்டிவிட்டால் மற்ற தரை வெகுநாள் தாங்குகிறது. ஒரு இறக்குமதிப் பை இப்படி மாதக்கணக்கில் வருகிறது.

தட்டுக்குப் பூனை மணல் போடலாமே என்று கேட்பார்கள். இங்கே மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் கட்ச் பக்கத்து பெண்டனைட் களிமண். தூசி, அத்தோடு ஈரம் பட்டால் இறுகும். எலி கையை நக்கிச் சுத்தம் செய்கிற பிராணி, களிமண் வயிற்றில் இறுகினால் அவ்வளவுதான். டோஃபு மணல் என்று பட்டாணி, சோயாச் சக்கையில் செய்தது வருகிறது. எங்கள் வீட்டில் அதைத் தீனி என்றே முடிவு செய்துவிட்டார்கள்.

ரிப்பனின் மிகப் பெரிய நன்மை நான் எதிர்பார்க்காத இடத்தில் இருந்தது. பெண் எலிக்குக் கூடு கட்டும் வெறி உண்டு. சாமை வாய் நிறைய ரிப்பனைக் கவ்விக்கொண்டு மூன்றாவது தட்டுக்கு ஏறி, அதைச் சுற்றிச் சுற்றி முடைந்து, மேலே மூடியெல்லாம் வைத்து ஒரு பந்து செய்கிறாள். மரச்சீவலிலும் குருணையிலும் இதைச் செய்யவே முடியாது. கூழ்நாரில் குழி பறிக்கலாம், முடைய முடியாது. மகள் ராத்திரி ஒரு மணிக்கு உட்கார்ந்து அதைப் படமெடுத்துக்கொண்டிருக்கிறாள்.

வெயில் காலத்தில் பெட்டிங்கைக் குறைத்துவிட வேண்டும். எலிக்கு வியர்க்காது, வால் வழியாகச் சூட்டை வெளியேற்றும். பங்குனி, சித்திரையில் பாதித் தரையை வெறுமையாக விட்டு, வீடு கட்டியபோது மிஞ்சிய டைல்ஸ் துண்டை வைக்கிறேன். மூன்றும் அதன்மேல் தோசை மாதிரி பரந்து கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நேர் எதிர். ரிப்பன் கூடுதல், ஈரத்தைத் தினமும் பார்க்க வேண்டும்.

பெட்டிங் மாற்றும்போது எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டிவிடாமல் காய்ந்த பழையதில் ஒரு கைப்பிடி எடுத்துப் புதியதில் கலந்துவிடுவது எங்கள் கூடத்துப் பழக்கம். தன் வாசம் இல்லாத இடத்தில் எலி பதறிப்போய் எல்லா மூலையிலும் புதிதாக ஈரம் செய்து எல்லை போடும். கூண்டைக் கழுவச் சோப்புத் தண்ணீர் போதும். சிறுநீர்க் கறை படிந்த இடத்துக்குத் தண்ணீர் கலந்த வெள்ளை வினிகர். பினாயில் ஆகாது. கூண்டு உள்ள அறையில் சாம்பிராணி, கொசுவத்திச் சுருள், பாச்சா உருண்டை மூன்றுக்கும் தடை. வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி இல்லாமல் என்ன வீடு என்று என் மாமியார் கேட்டார். அவர் அறையில் போட்டுக்கொள்ளட்டும் என்று ஒப்பந்தம்.

கொட்டிய பழைய தாளும் அட்டையும் மாடியில் உரத் தொட்டிக்குப் போகின்றன. தாள் ஆதலால் சீக்கிரம் மக்குகிறது, யூரியாவும் சும்மா கிடைக்கிறது. நன்றாக மக்கியபின் வாழைக்கும் முருங்கைக்கும் போடுகிறேன். பச்சையாகக் கடிக்கிற கொத்தமல்லி, புதினாவுக்குப் போடுவதில்லை. முருங்கைக்காரி இந்த வருஷம் நன்றாகவே காய்த்திருக்கிறாள்.